காகித மண்ணில் ஒரு வளையல் தட்டு

எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், யார் புடவை எது என்று ஊசி குத்தி வைக்கும் துண்டுச் சீட்டும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. வந்தாலும் பாதியில் நின்றுவிடும். படித்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் யாரிடமும் வாயால் சொல்ல முடியாமல் போன ஒன்றைக் கையால் சொல்லிவிட முடியுமா என்று பார்க்கிறேன். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் மந்தைவெளியில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நானும் என் அண்ணனும் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, வெளியே மொட்டை மாடி. கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர் மகனும் மருமகளும். அண்ணன் மயிலாப்பூரில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கி வரிவரியாக அடுக்குவது அவர் வேலை. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, கருமாதி என்று ஊரில் நடக்கிற எல்லாமே அவர் விரல் வழியாகத்தான் போகும். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அண்ணன் ஐம்பதைத் தாண்டியிருந்தார். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. யாரும் முன்னால் நின்று செய்து வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் வீட்டிலிருந்தே புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பேன். அடையாறில் எனக்கு ஒரு வாடிக்கைக்கார அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். காரை வெயிலில் நிறுத்திவிட்டு, கார் ஷெட்டுக்குள் கரண்டில் எரியும் சூளை ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் புடவை கொடுக்கப் போனபோது ஒரு தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ கூழ்.

"கை பூரா மண்ணு. நீங்களே பையை அங்க வெச்சுடுங்க" என்றார். "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"களிமண்ணுங்களா?"

"களிமண்ணுதான். ஆனா பேப்பர் கலந்தது. வெளிநாட்டுல இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்க கக்கூஸ் பேப்பரைக் கலக்கறாங்க. சிரிக்காதீங்க!"

நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார். போகும்போது ஒரு உருண்டையைப் பாலிதீன் பையில் கட்டிக் கையில் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று தெரியாது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன் போலிருக்கிறது.

அப்படித்தான் ஆரம்பித்தது. மண்ணை அவரிடமே வாங்கிக்கொள்வேன். நான் செய்ததைத் தன் சூளையில் மிச்சமிருக்கும் இடத்தில் வைத்துச் சுட்டுக் கொடுப்பார். அவர் புடவைகளுக்கு நான் சும்மா தைத்துக் கொடுப்பேன். காகிதத்தை வாளியில் கிழித்துப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, பழைய மத்தால் கடைய வேண்டும். பஞ்சு மாதிரி ஆனதும் பிழிந்து எடுத்து, தோசைமாவுப் பதத்தில் கரைத்து வைத்த மண்ணோடு சேர்க்க வேண்டும். மூன்று பங்கு மண், ஒரு பங்கு கூழ். மாடித் தரையில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் பரப்பினால், தண்ணீர் இறங்கிச் சப்பாத்தி மாவு போல வரும். வெறும் மண் காய்ந்துவிட்டால் அதோடு ஈர மண் ஒட்டாது. இது ஒட்டும். நன்றாகக் காய்ந்து வெளுத்துப்போன கிண்ணத்தில் விரிசல் கண்டால்கூட, கொஞ்சம் ஈர மண்ணைத் தடவினால் பிடித்துக்கொள்ளும். தப்பைத் திருத்த நேரம் கொடுக்கிற மண். சூளைக்குள் போகும் வரை.

ஒரே தொல்லை, நாலைந்து நாள் வைத்தால் நாறும். வீட்டுக்கார அம்மா படியில் நின்று கத்துவார்.

"இன்னாம்மா, மாடில எலி கிலி செத்துகீதா?"

"இல்லைங்க. காகிதம் ஊறுது."

"காயிதம் ஊறுதா! ஏன், மதியம் கொழம்பு வெக்கப் போறியா?"

எழுத்து அச்சான காகிதம் என் வாளியில் விழக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். காலில் காகிதம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்தார்கள். கிழித்து ஊறப்போட்டு மத்தால் இடிப்பது எப்படி? அதனால் அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது விழுகிற வெள்ளை நறுக்குகளை மட்டும் அண்ணன் மஞ்சள் பையில் கொண்டு வருவார்.

இனி கீழ்வீட்டு மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுப் பெண். இருபத்து நான்கு வயது. கல்யாணமான மூன்று வருஷத்தில் இரண்டு குழந்தை தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டாவது எட்டாம் மாதம், ஆஸ்பத்திரியில், உயிரில்லாமல் பிறந்தது. அவளுக்குக் காட்டாமலேயே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பயம். "அதப் பத்தி வாயத் தொறக்காத. தொறந்தா வர்றதும் நிக்காது" என்று மருமகளிடம் சொல்லி வைத்திருந்தார். அவளும் திறக்கவில்லை. இப்போது மூன்றாவது முறை, ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது. சாயங்காலம் துணி எடுக்க மெதுவாக மாடிக்கு வருவாள். நான் மண் பிசைவதைப் பார்த்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நிற்பாள். அவளும் அதிகம் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன். எங்களுக்கு அது சரியாக இருந்தது.

அந்தச் சமயத்தில் பாலவாக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாளி நிறையக் கூழ் தயாராக இருந்தது. கிழித்து, ஊறவைத்து, கடைந்தே வைத்திருந்தார் அண்ணன். அதுவரை அவர் என் வாளியைத் தொட்டதில்லை.

"உனக்கு வேல கொறையட்டுமேன்னுதான்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

கூழ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. வாளியின் அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன். உதவி செய்த மனிதரைக் குறை சொல்லக் கூடாது என்றும் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் கேட்டாள். "அக்கா, எனக்கு வளைகாப்பு வெச்சிருக்காங்க. வளையல் வைக்க ஒரு தட்டு செஞ்சு தரீங்களா?"

"வெள்ளித் தாம்பாளமே இருக்குமேம்மா உங்க வீட்டுல."

"இருக்கு. எனக்கு இதுல வேணும்." வாளியைக் காட்டினாள். "இந்த மண்ணுலயே."

கீழே இதைச் சொன்னதும் வீட்டுக்கார அம்மா ஆடிப்போனார். "மண்ணுத் தட்டா? வர்ற சம்பந்தி இன்னா நெனைப்பாங்க, நம்ம கையில தாம்பாளம் இல்லன்னா?" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். பிறகு, "சரி, புள்ளத்தாச்சி வாயத் தொறந்து கேட்டுட்டா. மறுக்கக் கூடாது. கம்பாசிட்டர் தங்கச்சி, நல்லதா ஒண்ணு செஞ்சு குடு" என்று அவரே வந்து சொன்னார்.

நான் அதுவரை செய்ததில் அதுதான் பெரியது. மண்ணைப் பூரிக்கட்டையால் ஒரே கனமாகத் தேய்த்து, எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஈரத்துணி போட்டு, மண்ணைப் படிய வைத்தேன். ஓரத்தைச் சோமாசிக்கு மடிப்பது போல விரலால் மடித்துக்கொண்டே வந்தேன். காயும்போது ஓரத்தில் ஒரு விரிசல் விட்டது. அடைத்தேன். பிடித்துக்கொண்டது. மடியில் வைத்துப் பஸ்ஸில் அடையாறு பாலம் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சூளை சூடேறும் முதல் இரண்டு மணி நேரம் காகிதம் எரியும் வாடை வரும். ஷெட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே நிற்போம். அன்று வாடையில் வேறு ஏதோ சேர்ந்திருந்தது. எண்ணெய் கருகுவது போல, தொண்டையைப் பிடித்தது. அந்த அம்மாகூட மூக்கைச் சுளித்தார். "என்ன பேப்பர் போட்டீங்க இந்தத் தடவ?" என்றார். "வெள்ளைதாங்க" என்றேன்.

சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் மெருகைப் பூசி இரண்டாம் முறை சுட்டு எடுத்தபோது தட்டு பால் நிறத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய தட்டு, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. கொடுத்ததும் அந்தப் பெண் அதைக் காதோரம் வைத்து நகத்தால் தட்டிப் பார்த்தாள். பிறகு அடியைத் திருப்பி, மெருகு பூசாத இடத்தை உள்ளங்கையால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

வளைகாப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாளியைத் தேய்த்துக் கழுவினேன். அடி விளிம்பில் காய்ந்த கூழ் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியபோது கட்டைவிரல் அளவுக்குக் கரையாத தடித் துண்டு ஒன்று வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு மையில், 'பதவி அடைந்தார்' என்று இருந்தது.

சிவலோக பதவி அடைந்தார். வேறு எந்தக் காகிதத்தில் அந்த வார்த்தை வரும்? எங்கள் பக்கத்தில் கருமாதிக் கார்டு வந்தால் வாசற்படியிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். ஒரு நிமிஷம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டோம்.

அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் அந்தத் துண்டை அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணா, இது இன்னா?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "பன்னண்டு பாயிண்ட்டு" என்றார்.

"எழுத்து சைஸ் யாரு கேட்டா? வாளிக்குள்ள எப்படி வந்துது?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடி எடுத்து மறுபடி மாட்டினார். "கருமாதி கார்டு, பாப்பா. ஒரு கட்டு. தப்பாப் பூட்ச்சு" என்றார். என்னை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன தப்பு?"

"செத்தவரு பேரு வர்ற எடத்துல புள்ள பேரு உக்காந்துடுச்சு. புள்ள பேரு வர்ற எடத்துல அப்பன் பேரு. அந்தக் கார்டப் படிச்சா, செத்தவரே குந்திக்கினு 'என் புள்ள காரியத்துக்கு வந்து சாப்ட்டுப் போங்க'ன்னு எல்லாரையும் கூப்புடுறாரு. முழுசும் ஓட்டி முடிச்சப்புறம்தான் பாத்தேன். மொதலாளி, 'இத ஒருத்தன் கண்ணுலயும் காட்டாத, எங்கனா கொண்டு போய்த் தொலை'ன்னுட்டாரு."

"தொலைக்க என் வாளிதான் கெடச்சுதா?"

"குப்பத்தொட்டில போட்டா எவனாவது எடுத்துப் படிப்பான். கொளுத்தலாம்னு பாத்தேன். உயிரோட கீறவன் பேரு பாப்பா. அதப் போய் நெருப்புல வெக்கறதா? மனசு வரல. தண்ணில கரைச்சா தோஷம் இல்லன்னு பட்டுது. புள்ளையாரக்கூடக் கரைக்கிறோம் இல்ல?"

"கரைச்சதை எடுத்து நான் சூளைல வெச்சேனே அண்ணா. ரெண்டு தடவை."

அவர் வாய் திறந்தபடி நின்றது. அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. மையும் ஈயமும் பட்டுக் கறுத்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார். வேறு ஏதோ சொல்ல வந்தது போலவும் இருந்தது. "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

இரண்டு முறை இழந்தவள். மூன்றாவது முறை வயிற்றில் இருக்கிறது. அவளுக்கு வளையல் அடுக்கும் தட்டைச் சாவுக் கடிதத்தால் செய்து கொடுத்திருக்கிறேன். அதுவும் உயிரோடு இருக்கிற ஒருவனைச் செத்தவன் என்று சொல்லும் கடிதம். ஒரு கட்டுக் கார்டிலும் அதே பொய். நான் அதைப் பிசைந்து, தட்டி, நெருப்பில் வைத்து, இனி அழியாதபடி செய்துவிட்டேன். இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால்? இந்தக் கேள்வியைத் தவிர அந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பாவுக்குக் காரியம் செய்த மகன் தலையை மழித்திருப்பான். கார்டில் பெயர் மாறிப்போன அந்த மனிதனும் மழித்திருப்பான். அந்த வாரம் எனக்கு மயிலாப்பூர் முழுக்க மொட்டைத் தலையாகத் தெரிந்தது. பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று. தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு ஒன்று. லஸ் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவருக்கு முடி அரை அங்குலம் முளைத்திருந்தது. அவர் நன்றாக நடக்கிறாரா, இருமுகிறாரா என்று பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

தட்டைக் கீழே கூடத்தில் டி.வி. பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். சூளையிலிருந்து வந்த சாமான் சில நாள் வரைக்கும் தானாக 'டிக்' 'டிக்' என்று சத்தம் போடும். மெருகு இறுகுவதால் வருவது. அடையாறு அம்மா முன்பே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன்.

"அக்கா, தட்டு பேசுது" என்றாள் அந்தப் பெண் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அது பல்லி" என்றார் வீட்டுக்கார அம்மா. "பல்லி சொன்னா நல்லதுதான்."

அடையாறுக்குப் போய் அந்த அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். மண்ணில் கலந்த காகிதம் சுட்ட பிறகு எங்கே போகும்?

"எங்கயும் இருக்காது. சுத்தமா எரிஞ்சு போயிடும். பேப்பர் இருந்த எடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையா நிக்கும். அதனாலதானே இவ்வளவு லேசா இருக்கு."

"அந்த ஓட்டைக்குள்ள என்ன இருக்கும்?"

"காத்து. வேற என்ன?" என்னை உற்றுப் பார்த்தார். "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

இல்லை என்றேன். ஆறுதல் தேடிப் போனவளுக்கு அந்தப் பதில் இன்னும் மோசமாகப் போயிற்று. காகிதம் இருந்தாலாவது அது காகிதம். இப்போது அந்தப் பெயர் இருந்த இடம் மட்டும், அதே அளவில், அதே வடிவில், மண்ணுக்குள் காலியாக இருக்கிறது.

திரும்ப வாங்கிவிடலாம் என்று, இன்னொரு பூச்சு பூச வேண்டும் கொடுங்கள் என்று கீழே கேட்டேன்.

"சும்மா கெட. வூட்டுக்குள்ள வந்த பொருளு விசேஷம் முடியாம வெளிய போவக் கூடாது" என்றார் வீட்டுக்கார அம்மா.

கை தவறியது போலக் கீழே போட்டு உடைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். வளைகாப்பு வீட்டில் தட்டு உடைந்தால் அதைவிடக் கெட்ட சகுனம் வேறு வேண்டாம். சொல்லிவிடலாம் என்றால், ஏழு மாதக்காரியிடம் கருமாதி என்ற சொல்லைச் சொல்வதே பாவம். வைத்தாலும் பயம், எடுத்தாலும் பயம், சொன்னாலும் பயம். அதற்குப் பிறகு நான் கீழே போவதையே நிறுத்திவிட்டேன். தண்ணீரை அண்ணன் பிடித்துக் கொடுத்தார்.

வளைகாப்புக்கு முந்தின நாள், நாலு மணி இருக்கும். வீட்டுக்கார அம்மா வளையல் வாங்க மகனோடு தி.நகர் போயிருந்தார். அந்தப் பெண் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள்.

"அக்கா, நீங்க ஏன் கீழயே வரதில்ல? என் மேல கோவமா?"

நான் தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. கார்டு, அண்ணன் செய்த தப்பு, வாளி, சூளை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நாளைக்கு அந்தத் தட்டை வைக்க வேண்டாம், வெள்ளித் தாம்பாளத்தையே வைத்துக்கொள் என்றேன்.

அவள் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"தெரியும் அக்கா" என்றாள்.

நான் திரும்பினேன்.

"நீங்க பாலவாக்கம் போயிருந்தப்ப அண்ணன் இங்க உக்காந்து கிழிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் துணி எடுக்க வந்தேன். என்னைப் பாத்ததும் வாளியைத் துண்டு போட்டு மூடறாரு. பாவம், அது முழுசா மூடல. கொஞ்சம் படிச்சுட்டேன். 'யம்மா, நீ இதெல்லாம் பாக்கக் கூடாது, கீழ போ'ன்னாரு."

"தெரிஞ்சுமா தட்டு கேட்ட?"

"தெரிஞ்சதாலதான் கேட்டேன்." மடித்த துணிகளை வயிற்றின்மேல் வைத்து அணைத்துக்கொண்டாள். "என்கிட்ட ரெண்டு சீட்டு இருந்தது. ஆஸ்பத்திரில கொடுத்தது. முதல் தடவ ஒண்ணு, ரெண்டாவது தடவ ஒண்ணு. பீரோவுல புடவைக்கு அடியில வெச்சிருந்தேன். அத்தை கண்ணுல பட்டா தூக்கிப் போட்டுடுவாங்க. நானா தூக்கிப் போடவும் முடியல. ரெண்டாவது சீட்டுல என் பேருக்குக் கீழ 'ஆண்'னு எழுதியிருந்தது. அதுங்களுக்குன்னு உலகத்துல இருந்தது அந்த ரெண்டு பேப்பர்தான். அண்ணனைக் கேட்டேன், இதையும் சேத்துக் கரைச்சுடறீங்களான்னு."

"என்ன சொன்னாரு?"

"வாங்கிக்கிட்டாரு. படிச்சுப் பாக்கல. கண்ணுல ஒத்திக்கிட்டு அப்புறமா கிழிச்சாரு."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவங்க செத்தா கார்டு அடிக்கறாங்க அக்கா. நாள் சொல்றாங்க, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடறாங்க. தப்பா அடிச்சா திருப்பி அடிக்கறாங்க. அதுங்களுக்கு யாரும் ஒண்ணும் செய்யல. அழக்கூட விடல."

"எனக்குப் பயமா இருக்கும்மா. இந்தக் குழந்தைக்கு..."

"எனக்கும்தான் பயம். தினம் பயம். காலைல எழுந்ததும் வயித்துல அசையுதான்னு பாக்கற வரைக்கும் கண்ணையே தொறக்க மாட்டேன். அந்தப் பயம் தட்டால வந்தது இல்ல." மேலே இருந்த துண்டின் மடிப்பைச் சரிசெய்தாள். "இது மூணாவது. முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க இல்லாம நான் எப்படிக் கை நீட்டி வளையல் போட்டுக்கறது?"

நான் துணிகளை வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கினேன். விழுந்தால் பிடிக்கலாம் என்றுதான்.

அண்ணனிடம் அன்று இதைப் பற்றி நான் கேட்கவில்லை. தன் தப்பை என்னிடம் ஒப்புக்கொண்ட மனிதர், அவள் கொடுத்த சீட்டுகளைப் பற்றி மட்டும் கடைசிவரை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

வளைகாப்பன்று காலையில் கீழே கூடம் நிறையப் பெண்கள். செங்கல்பட்டிலிருந்து அவள் அம்மாவும் அத்தைகளும் வந்திருந்தார்கள். தட்டு நிறையச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். ஒவ்வொருவராக வந்து சந்தனம் தடவி, தட்டிலிருந்து வளையல் எடுத்துப் போட்டார்கள். நான் சமையலறைக் கதவோரம் நின்றேன். கல்யாணம் ஆகாதவள் அந்த இடத்தில் முன்னால் போவது வழக்கமில்லை. எனக்கும் பின்னால் நிற்பதுதான் சுலபம்.

வளையல் குறையக் குறையத் தட்டின் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. நகர்த்தி வைக்க வீட்டுக்கார அம்மா அதைத் தூக்கினார். "இன்னா லேசா கீது பாரேன்! உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி!" என்று சம்பந்தியிடம் காட்டினார். சாப்பாட்டுப் பந்திக்கு நாற்காலி தூக்கி வந்த அண்ணன் அதைக் கேட்டார். நாற்காலியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"அக்கா, நீங்களும் போடுங்க" என்றாள் அந்தப் பெண்.

ஒரு அத்தை, "அவங்க இன்னும்..." என்று ஆரம்பித்தார்.

"தட்டு அவங்க செஞ்சது" என்றாள் அவள்.

வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "சரி சரி, வா. நின்னுகினே இருக்காத. நல்ல நேரம் போவுது" என்றார்.

நான் போனேன். இரண்டு பச்சை வளையல் எடுத்தேன். எடுக்கும்போது என் விரல் தட்டின் வெள்ளையில் பட்டது. ஜில்லென்று இருந்தது. அந்த நெருக்கத்தில் யாரோ எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் நகரவில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உணர்ந்தது அவளுக்குத் தெரிந்ததா, இல்லை அவளும் உணர்ந்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நான் போட்டதில் ஒரு வளையல் அவள் கட்டைவிரல் முட்டியில் சிக்கிக்கொண்டது. அவளே மெதுவாகத் தள்ளிவிட்டாள்.

குழந்தை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் எழுதமாட்டேன். நல்லபடியாக நடந்தது என்று எழுதினால் தட்டுக்கு நல்ல பெயர் வந்துவிடும். நடக்கவில்லை என்று எழுதினால் கெட்ட பெயர் வந்துவிடும். இரண்டும் பொய். அவள் அப்படித்தான் சொன்னாள், நானும் அப்படித்தான் நம்ப முயற்சி செய்கிறேன்.

வளைகாப்புக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அவளைப் பிரசவத்துக்காக டாக்சி வைத்துச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனார்கள். அன்று எங்கள் தெருவில் மதியம் வரை கரண்ட் இல்லை. நான் இரண்டு புடவைக்கு ஃபால்ஸ் தைத்தேன்.